இரண்டு கை அவிச்ச மா

டொக்டர் கிறேசுக்குப் புட்டுத் தின்னத் தெரியும், அவிக்கத் தெரியாது. இது நான் கட்டிவிட்ட கதையல்ல. அவளுடைய தாய் மதலேனம்மா மீன் வாங்கப் போகும் இடம், பூசை முடிந்து நிற்கும் இடம், தபால் கந்தோர் வாசல் என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தது. கேட்டால் குறை சொல்வது போலத்தான் இருக்கும். முகத்தைப் பார்த்தால் பெருமை வழியும். வழியாதா பின்னே? மகளை அடுப்படிப் பக்கம் அண்டவிடாமல் விரட்டியதே அவர்தான். "உனக்கு இஞ்ச என்ன வேலை? நான் மாவோட மாரடிக்கிறது காணும். நீ போய்ப் படி." விடத்தல்தீவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் தொடங்கிய அந்த விரட்டல், மகள் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் படித்து, கொழும்பில் மேலே படித்து, இங்கிலாந்தில் அதற்கும் மேலே படித்து, பிள்ளைகளின் குடல் வைத்திய நிபுணர் என்று பெயர்ப்பலகை மாட்டிய பிறகும் ஓயவில்லை. நாற்பத்தொன்பது வயதிலும் கிறேஸ் தாயின் அடுப்படிக்குள் தலையை நீட்டினால், கையில் தேத்தண்ணியைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்.

குடல் நோய்களிலும் அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டது ஒன்றேயொன்றை. சீலியாக் என்று பெயர். கோதுமையில் இருக்கும் ஒருவகைப் புரதம் சில உடம்புகளுக்கு அறவே ஆகாது. அப்படிப்பட்ட பிள்ளை பாணைத் தின்றால், றொட்டியைத் தின்றால், சத்தை உறிஞ்சுவதற்கென்று சிறுகுடலின் உள்ளே நெருக்கமாக நிற்கும் மெல்லிய முளைகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். பிறகு எதைத் தின்றும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மருந்து கிடையாது. கோதுமையை அடியோடு விட்டால் சுகம், விடாவிட்டால் இல்லை.

"சோறு தின்கிற நாட்டில் இந்த நோயைத் தேடி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கொழும்பில் பெரிய டொக்டர்மார் கேட்டார்கள். வெள்ளைக்காரன் வியாதி என்றார்கள். மீனுக்குப் பேர்போன மன்னாரிலிருந்து வந்தவள் கோதுமையைப் பற்றி ஆராய்கிறாள் என்று பகிடி பண்ணினார்கள். கிறேசும் சேர்ந்து சிரித்துவிட்டு விடுவாள். ஏன் இந்த நோய் என்று ஒருவருக்குச் சொன்னால் அது பத்துப் பேருக்குப் போகும், பதினோராவதாகத் தாயின் காதுக்குப் போகும் என்ற பயம் அவளுக்கு.

ஏனென்றால் அந்தக் காரணத்தின் பெயர் மில்ரன்.

கிறேசுக்குப் பன்னிரண்டு வயதான பிறகு, இனிப் பிள்ளை இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்த வேளையில் பிறந்த தம்பி. தகப்பன் கிறகரி கடலுக்குப் போய்விடுவார். தாய் கருவாடு காயப்போடப் போய்விடுவார். பிள்ளை கிறேசின் இடுப்பில் இருக்கும். விடத்தல்தீவுக் கடலில் பெரிய அலை கிடையாது. கண்டல் பற்றைகளுக்கு நடுவில் முழங்காலளவு தண்ணீர் சும்மா நிற்கும். அதில் அவனை இருத்திவிட்டு அவள் விஞ்ஞானம் பாடமாக்குவாள். "ஒளித்தொகுப்பு என்பது" என்று அவள் தொடங்கினால், அவனும் "ஒளி, ஒளி" என்று கத்திக்கொண்டு தண்ணீரை அடிப்பான். புத்தகம் நனைந்துவிடும். அந்தப் புத்தகத்தை வெயிலில் காயவைத்த மணம் இன்றைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது. குழந்தை என்றால் தொட்டில், பால்போத்தல் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். கிறேசுக்கு உப்புத் தண்ணீரும் நனைந்த புத்தகமும்தான் நினைவுக்கு வரும்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்க, ஊரே கிளம்பி மடுப் பக்கக் காட்டுக்குள் ஒரு அகதி முகாமில் போய் விழுந்தது. பிறந்ததிலிருந்து மீனும் சோறும் தின்ற சனத்துக்கு அங்கே மீனில்லை, அரிசியும் எப்போதாவதுதான். நிவாரணம் என்று வந்து இறங்கியது மூட்டை மூட்டையாகக் கோதுமை மா. காலையில் றொட்டி, மத்தியானம் மாக்கஞ்சி, பின்னேரம் திரும்பவும் றொட்டி. மில்ரனுக்கு அப்போது இரண்டரை வயது. மூன்று மாதத்தில் பிள்ளை சூம்பத் தொடங்கியது. பூச்சி என்றார்கள், கண்ணூறு என்றார்கள், முகாம் கிணற்றுத் தண்ணீர் என்றார்கள். பிள்ளைக்குச் சாப்பாடு காணாது என்று மதலேனம்மா தன் பங்கு றொட்டியையும் வெறுந்தேத்தண்ணியில் தோய்த்து ஊட்டினார். அவன் வாயைத் திருப்பினால் தாடையைப் பிடித்து ஊட்டினார். அடுத்த ஆண்டு மாரி தொடங்க முன்னமே பிள்ளை போய்விட்டது.

மதலேனம்மாவுக்கு அதற்குப் பிறகு ஓர் ஆறுதல்தான் மிஞ்சியது. செத்தவீடுகளில், கல்லறைத் திருநாளில், யாராவது தம் பிள்ளையை நினைத்து அழும்போதெல்லாம் அதைச் சொல்வார். "என்ர பிள்ளை தண்ணி பிழைச்சுத்தான் போனவன். பசியில போகேல்ல. கடைசி வரைக்கும் என்ர பங்கையும் சேத்துச் சாப்பிட்டுத்தான் போனவன்." இதைச் சொன்ன பிறகு மூக்கைச் சீறிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் கிறேஸ் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் திரையில் ஒரு பழைய படத்தைப் போட்டார். வெள்ளைக்காரக் குழந்தை. ஊதிய வயிறு, குச்சிக் கால்கள், சதை வற்றிப் பின்பக்கத்தில் மடிந்து தொங்கும் தோல். தலைமயிரின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டால் அது மில்ரன். பேராசிரியர் அடுத்த படத்தையும் போட்டார்: அதே குழந்தை, கோதுமையை நிறுத்தி மூன்று மாதத்துக்குப் பிறகு, கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டு. கிறேஸ் எழுந்து வெளியே போய், கழிவறையில் வாந்தி எடுத்தாள்.

அன்றைக்குத்தான் அவள் இரண்டு முடிவு எடுத்தாள். ஒன்று, வாழ்நாள் முழுக்க இந்த நோயைத்தான் பார்ப்பது. மற்றது, அம்மாவுக்கு இது தெரியவே கூடாது. தன் பங்கைக் கொடுத்துப் பிள்ளையைப் பசியில்லாமல் அனுப்பினேன் என்ற அந்த ஒரு வசனத்தில்தான் தாய் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த வசனத்துக்குள்ளேயே நஞ்சு இருக்கிறது என்று எந்த மகள் சொல்லுவாள்? "நீ என்ன வருத்தம் பாக்கிறனி பிள்ளை?" என்று கேட்டால், "குடல் வருத்தம் அம்மா" என்பாள். அதற்கு மேலே தாயும் கேட்கமாட்டார்.

திரும்பி வந்து கொழும்பில் வேலையில் சேர்ந்தாள். மாதத்தில் மூன்றாவது சனிக்கிழமை மன்னார் டவுனில், ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் கிளினிக் நடத்தினாள். முதலில் ஈ ஓட்டினாள் என்றே சொல்லவேண்டும். பிறகு ஒரு பிள்ளை அகப்பட்டது. அடுத்த வருடம் இரண்டு. பத்து வருடத்தில் சிலாவத்துறையிலிருந்து விடத்தல்தீவு வரைக்கும் பதினொரு பிள்ளைகள். இரத்தத்தில் சோதித்து, குழாய் விட்டுக் குடலின் துணுக்கை எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக உறுதிசெய்த பிள்ளைகள். பகிடி பண்ணியவர்கள் வாயை மூடினார்கள்.

பதினொன்றில் ஐந்து பிள்ளைகள் கோதுமையை விட்டதும் மளமளவென்று தேறிவிட்டன. மற்ற ஆறும் தேறவில்லை. தாய்மார் பாணை விட்டார்கள், றொட்டியை விட்டார்கள், பணிசும் பிஸ்கட்டும் நூடில்சும் கண்ணில் காட்டவில்லை. கிறேஸ் தானே தயாரித்துக் கொழும்பில் தமிழாக்கிய படிவத்தில் கேள்விக்குக் கேள்வி "இல்லை, இல்லை" என்றுதான் நிரப்பியிருந்தார்கள். இருந்தும் இரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எண் குறையவேயில்லை. அப்படியென்றால் இது வேறு சாதிச் சீலியாக். கோதுமையை விட்டாலும் விடாத சீலியாக். இந்தக் கரையோரச் சனத்தின் இரத்தத்தில் ஏதோ புதிதாக இருக்கிறது. கிறேஸ் கட்டுரை எழுதினாள். இங்கிலாந்துப் பேராசிரியர் துள்ளிக் குதித்தார். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. மன்னார்ப் பிள்ளை ஒருத்தியின் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறப்போகிறது என்று அவளுக்கே உள்ளுக்குள் ஒரு புளுகம், பூரிப்பு.

கட்டுரையின்படி அடுத்த கட்டம், உடம்பின் எதிர்ப்பை அடக்கும் பலத்த மருந்து. நோயையும் அடக்கும்; பிள்ளையின் வளர்த்தியையும் அடக்கும்; எலும்பையும் பதம் பார்க்கும். அதை முதலில் தொடங்க வேண்டிய பிள்ளை கிருஷிகா.

பாப்பாமோட்டைப் பிள்ளை. எட்டு வயது, பதினாறு கிலோ. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்; தாய் ரஜிதா கூலிக்கு வயல்வேலை செய்பவள். அந்தச் சனிக்கிழமை தாதி லக்சிகா நிறுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். போன மாதத்துப் பதினாறுதான். இரத்தத்தில் இருபதுக்குக் கீழே இருக்கவேண்டிய எண், நூற்றுத் தொண்ணூறு.

"ரஜிதா, கோவிக்காமச் சொல்லுங்கோ. வீட்டில கோதுமை மா பாவிக்கிறீங்களோ?"

"சத்தியமா இல்லீங்க டொக்டர். நாங்க ரொட்டி தின்னே வளந்த சனம். ரொட்டி இல்லாட்டி எங்க மாமியாருக்குப் பொழுதே விடியாது. அவங்களுக்கே ஒன்றரை வருசமா ரொட்டி சுட்டுக் குடுக்கல."

"பள்ளிக்கூடத்தில ஆரும் பிஸ்கட் குடுத்தாலோ?"

"வாங்கமாட்டேன்" என்று கிருஷிகாவே சொன்னாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, பெரிய மனுசி போல.

"காலமை என்ன சாப்பிட்டவ?"

"அரிசிமாப் புட்டுங்க. எனக்குப் புட்டு அவிக்கவே தெரியாது. இவளுக்காகப் பக்கத்து வீட்டு அக்காகிட்டப் போய்ப் பழகினேன்."

"எனக்கும் தெரியாது" என்று கிறேஸ் சிரித்தாள். அரிசிமா என்ற இடத்தில் சரி போட்டாள். பிறகு மெதுவாக, அடுத்த மாதம் பலத்த மருந்து தொடங்கவேண்டி வரும் என்றும், அதன் கெடுதிகள் இன்னின்னவை என்றும் சொன்னாள். ரஜிதா அழவில்லை. பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். போகும்போது பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பஸ்ஸுக்குன்னு கூடக் கட்டினேன். நீங்க சாப்பிடுங்க டொக்டர். காலைல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். கிறேஸ் வாங்கிக்கொண்டு டவுனிலேயே சின்னக்கடைப் பகுதியில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனாள்.

மதலேனம்மா ஒட்டி மீன் குழம்பும் சொதியும் வைத்துக் காத்திருந்தார். பிறத்தியாள் சமையல் தன் வீட்டு மேசைக்கு வந்தால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது. பார்சலைப் பிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார், வாயில் போட்டார்.

"ஆர் அவிச்சது?"

"பாப்பாமோட்டைத் தாய் ஒருத்தி. வருத்தக்காரப் பிள்ளைக்கு. தனி அரிசிமாப் புட்டு."

"நல்லாத்தான் அவிச்சிருக்கிறாள். அவிச்ச மா ரெண்டு கை போட்டிருக்கிறாள். அதுதான் ஆறியும் இந்த மெது."

கிறேஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்ன மா?"

"அவிச்ச மா. அமெரிக்கன் மாவைத் துணியில கட்டி அவிச்சு, கட்டி உடைச்சு அரிக்கிறது. தனி அரிசிமா எண்டால் ஆறினாப் பிறகு கல்லுமாதிரி எல்லோ கிடக்கும்."

"அம்மா, அமெரிக்கன் மா எண்டா கோதுமை மா."

"ஓம். பின்ன?"

"அவள் கோதுமை மா பாவிக்கிறேல்ல எண்டு சத்தியம் பண்ணினவள்."

"அவள் பொய் சொல்லேல்ல பிள்ளை. அவிச்சாப் பிறகு ஆர் அதைக் கோதம்ப மா எண்டு சொல்லுறது? அது அவிச்ச மா. பிள்ளைப்பெத்தவளுக்கும் குடுக்கிறது, காய்ச்சல்காரனுக்கும் குடுக்கிறது. கெடுதி எல்லாம் ஆவியோட போயிடும் எண்டுதான் சனம் சொல்லும். உனக்கு நான் சின்னனில இருந்து தந்த அரிசிமாப் புட்டும் இதுதான்."

கிறேஸ் ஈரக்கையோடு அப்படியே கதிரையில் இருந்தாள். குடலைத் திறந்து பார்க்கத் தெரிந்த தனக்குப் புட்டுச் சட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே என்று முதலில் வெட்கம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. ஆறு பிள்ளைக்கும் புட்டு! ஆறு படிவத்திலும் அரிசிமா என்று சரி போட்டிருக்கிறாள். புது நோயுமில்லை, புது இரத்தமுமில்லை. இரண்டு கை அவிச்ச மா. கிருஷிகாவுக்குப் பலத்த மருந்து தேவையில்லை. அந்தச் சந்தோசத்தில் பாடப்புத்தகமும் மறந்தது, பதினைந்து வருட எச்சரிக்கையும் மறந்தது.

"அம்மா, உங்களுக்கு விளங்குதோ? அந்தப் பிள்ளையளுக்கு அதுதான் நஞ்சு! ஒரு கை போட்டாலும் காணும். தின்னத் தின்ன மெலியுங்கள். வயிறு மட்டும் ஊதி முன்னுக்கு வரும். கையும் காலும் ஈர்க்கு மாதிரி. பின்பக்கத்தில சதை வத்தித் தோல் மடிஞ்சு தொங்கும். வெளிக்குப் போனா வெளிறின நிறத்தில—"

அங்கேதான் அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள், கடித்து என்ன பயன்?

மதலேனம்மா விரலில் ஒட்டியிருந்த புட்டைச் சீலைத்தலைப்பில் துடைத்தார்.

"மாவை நிப்பாட்டினால்?"

"அம்மா..."

"கேட்டதுக்குச் சொல்லு."

"சுகம் வரும்."

"எவ்வளவு நாளில?"

"ரெண்டு மூண்டு மாசத்தில."

"நீ எப்ப அறிஞ்சனி?"

"இங்கிலாந்தில படிக்கேக்க."

மதலேனம்மா எழும்பி, மகளுக்குச் சோற்றைப் போட்டு, ஒட்டி மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்துவிட்டு, அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். கிறேஸ் அந்தச் சோற்றுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்தாள். முப்பத்துநாலு வருடமாகத் தாய் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொப்பைத் தானே முறித்துவிட்டேன் என்றே திரும்பத் திரும்ப நினைத்தாள். அறை வாசலில் போய் நின்று கூப்பிட்டாள். "தலையிடி. நீ போ பிள்ளை, கொழும்புக்குப் போக நேரமாகுது" என்று மட்டும் உள்ளிருந்து வந்தது.

கொழும்பிலிருந்து ஒவ்வொரு நாளும் ரெலிபோன் எடுத்தாள். "ஓம்." "சாப்பிட்டனான்." "சரி வை." இவ்வளவுதான். கோபித்துத் திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது. பக்கத்து வீட்டுக்கு எடுத்து விசாரித்தால், மனுசி பூசைக்குப் போகிறது, வருகிறது, ஒருவரோடும் கதைப்பதில்லை என்றார்கள்.

இரண்டு கிழமை கழித்து, அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல், ஆறு தாய்மாரையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டாள். வந்திருந்தார்கள். அவிச்ச மா கோதுமை மாதான், அவித்தாலும் அரித்தாலும் அந்தப் புரதம் சாகாது, ஒரு தேக்கரண்டிகூடக் கூடாது என்று படம் கீறிக் காட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எந்த டொக்டருக்கும் தெரியும். வாசலைத் தாண்டினதும் மறந்துபோகிற தலையாட்டல்.

சிலாவத்துறை ஸுஹறாதான் வாய்விட்டுக் கேட்டாள். "டொக்டர், ஆவியில வெந்தா அதுட கெடுதி போயிடும்தானே? எங்கட உம்மா எல்லாம் அப்படித்தான் சொல்ற. அதுவும் ரெண்டு கைதானே."

"ஒரு கையும் கூடாது ஸுஹறா."

"ஓம் டொக்டர்" என்றாள் ஸுஹறா, மரியாதைக்கு.

அப்போது பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர் எழும்பினார். கிறேஸ் அப்போதுதான் கண்டாள். வெள்ளைச் சீலை, கையில் செபமாலை. மகளின் கிளினிக் வாசலை இத்தனை வருடத்தில் மிதிக்காத மதலேனம்மா, ஓட்டோ பிடித்து வந்து, வருத்தக்காரரோடு வருத்தக்காரராக இருந்திருக்கிறார். "அம்மா, வேண்டாம்" என்று வாயெடுத்தாள். மதலேனம்மா அவளைப் பார்க்கவேயில்லை.

"நான் டொக்டர்ர தாய். எனக்குப் படிப்பில்ல. ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். எனக்கு ஒரு பொடியன் இருந்தவன். மில்ரன் எண்டு பேர். முகாமில இருக்கேக்க மா திண்டுதான் செத்தவன். வயிறு உங்கட பிள்ளையளின்ர மாதிரித்தான் ஊதினது. நான் சாப்பாடு காணாது எண்டு நினைச்சன். என்ர பங்கையும் குடுத்தனான். அவன் வேண்டாம் எண்டு வாயைத் திருப்பினவன். பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியேல்ல. தாடையைப் பிடிச்சுத் தீத்தினனான்."

மண்டபத்தில் ஒரு பிள்ளை இருமியது.

"எனக்கு ஆரும் சொல்லேல்ல. சொல்ல ஆளில்ல. அறியாமல் செய்தனான். நீங்கள் இப்ப அறிஞ்சிட்டியள். ரெண்டு கைதானே எண்டு சொல்லாதேங்கோ, அம்மாமார். அந்தக் கையை நான் முப்பத்துநாலு வரியமா வைச்சுக்கொண்டிருக்கிறன்."

ரஜிதா கிருஷிகாவை இழுத்து மடியில் வைத்து, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். இந்த முறை ஒருவரும் தலையாட்டவில்லை. ஸுஹறா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப புட்டு இறுகுமே உம்மா, என்ன செய்யிற?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்ததும்தான் கிறேசுக்கு மூச்சு வந்தது. மதலேனம்மா உடனே சொன்னார்: அரிசிமாவைப் பதமாக வறுத்து, இன்னொருமுறை அரித்து, நன்றாகக் கொதித்த தண்ணீர் விட்டு, தேங்காய்ப்பூவைக் கூடப் போட்டு, சூட்டோடு கொடுக்கவேண்டும். இல்லையென்றால் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் அவிக்கலாம். ஆறு பேரும் சுற்றிவர நின்று கேட்டார்கள். லக்சிகா ஒரு மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிறேஸ் கட்டுரையைத் திருப்பி வாங்கினாள். பேராசிரியருக்கு, நான் கண்டது புது நோயல்ல, புட்டு என்று கடிதம் எழுதினாள். அவருக்கு அது விளங்க நாலு மின்னஞ்சல் பிடித்தது. படிவத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, "வீட்டில் என்னென்ன மா வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது?" என்று ஒரே கேள்வியாக மாற்றினாள். கிருஷிகா ஐந்து மாதத்தில் பத்தொன்பது கிலோவுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு பொடியனுக்கு அடித்துவிட்டாள் என்று முறைப்பாடும் வந்தது. ஆறு பிள்ளையும் தேறின. பாடப்புத்தகத்தில் பெயர் வரவில்லை. அதைப் பற்றிக் கிறேசுக்குக் கவலையுமில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு இதெல்லாம் தெரியாது. தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுவாசலில் நிறுத்தினாள். வெயிலில் இரண்டு கழுதைகள் மதிலோரம் ஒட்டி நின்றன. இரண்டு கிழமையாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள்.

"அம்மா, மில்ரனைச் சோதிச்சுப் பாக்கேல்ல. இதுதான் எண்டு நிச்சயமாச் சொல்ல ஏலாது. நீங்கள் சொன்னமாதிரித் தண்ணியாவும் இருந்திருக்கலாம்."

அதில் பொய்யில்லை. எந்த ஆராய்ச்சியாளரும் அப்படித்தான் சொல்லவேண்டும்.

"சும்மா இரு. பெத்த எனக்குத் தெரியாதே?" மதலேனம்மா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் கோவத்தில பேசாமல் இருக்கேல்ல. யோசிச்சுக்கொண்டிருந்தனான். நீ இங்கிலாந்தில இருக்கேக்க ஒருநாள் விடியக்காலமை ரெலிபோன் எடுத்தனி. கதைக்க ஏலாமல் அழுதனி. என்ன பிள்ளை எண்டு கேக்க, தடிமன், மூக்கடைப்பு எண்டனி. அண்டைக்கோ?"

கிறேஸ் தலையை அசைத்தாள்.

மதலேனம்மா கையை நீட்டி, மகளின் கன்னத்தை உள்ளங்கையால் துடைத்தார்.

"அப்ப பதினஞ்சு வரியமா நீ இதைத் தனியச் சுமந்துகொண்டே திரிஞ்சனி, என்ர குஞ்சு?"